ஒரே கதவிலக்கத்தில் பல குடித்தனம்

வீட்டிற்குள் வரும் இணைய இணைப்பு ஒன்று. அதைப் பயன்படுத்தும் கணிப்பொறிகளோ மூன்று, நான்கு. இடையில் ஒரு சிறிய பெட்டி இருக்கிறது. அதன் முதுகில் ஐந்து குழிகள். ஒன்று சற்றுத் தனித்து நிற்கும்; வெளியிலிருந்து வரும் கம்பியை அதில் செருக வேண்டும். மற்ற நான்கில் வீட்டுக் கணிப்பொறிகளின் கம்பிகளைச் செருகினால் எல்லாம் ஒரே சமயத்தில் இணையத்தோடு பேசத் தொடங்கிவிடுகின்றன. இப்பெட்டியை ரூட்டர் என்கிறோம். தமிழில் திசைவி என்றும் வழங்குகிறது.

மின்சாரக் கம்பியைப் பல அறைகளுக்குக் கிளை பிரிப்பது போலத்தானே இதுவும் என்று சிலர் எண்ணக்கூடும். அப்படியன்று. மின்சாரத்திற்கு முகவரி கிடையாது. எந்த அறை விளக்கில் எரிந்தாலும் ஒன்றுதான். இணையத்தில் ஓடுவதோ முகவரி எழுதிய கடிதங்கள். நாம் கேட்கும் படமும் பாட்டும் சிறுசிறு பொட்டலங்களாக வெட்டப்பட்டு, ஒவ்வொன்றின் தலையிலும் அனுப்புபவரின் எண்ணும் பெறுபவரின் எண்ணும் பொறிக்கப்பட்டே பயணம் செய்கின்றன. இணைப்புத் தரும் நிறுவனம் வீட்டிற்குக் கொடுப்பது ஒரே ஓர் எண். கம்பியைக் கிளை பிரிப்பது எளிது. முகவரியைக் கிளை பிரிப்பது எப்படி?

இதற்கு விடை 1990களில் கிடைத்தது. அதைச் சொன்னவர்களே அது சில ஆண்டுகளுக்கு மட்டுமான ஒட்டுவேலை என்றுதான் கருதினர். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த ஒட்டுவேலை உலகின் பெரும்பாலான வீடுகளில் நடந்துகொண்டிருக்கிறது.

எண்கள் தீர்ந்த கதை

இணையத்தின் முகவரி முறை 1981 செப்டம்பரில் வெளியான விதிக்குறிப்பில் உறுதி செய்யப்பட்டது. ஒரு முகவரிக்கு 32 இரும இலக்கங்கள். அப்படியானால் மொத்தம் 429 கோடியே 49 இலட்சத்து 67 ஆயிரத்து 296 முகவரிகள் உண்டு. அன்றைய உலக மக்கள் தொகை ஏறத்தாழ 450 கோடி. ஆளுக்கு ஒன்று கொடுக்கக்கூடப் போதாது! இதை வகுத்தவர்கள் கணக்கறியாதவர்கள் அல்லர். அன்று கணிப்பொறி என்றால் ஒரு பல்கலைக்கழகத்திற்கோ ஆய்வுக்கூடத்திற்கோ ஒன்றிரண்டு இருக்கும் பெரும் பொறி. 1983 ஜனவரி 1ஆம் நாள் அமெரிக்காவின் அர்பாநெட் வலை இம்முறைக்கு மாறியபோது அதில் இணைந்திருந்தவை சில நூறு பொறிகளே. வீட்டுக்கு வீடு கணிப்பொறி வரும், அதுவும் நான்கு வரும் என்பதை வைத்து அன்று யாரும் திட்டமிடவில்லை.

முகவரிகளைப் பங்கிட்ட விதம் இன்னும் மோசம். பெரிய நிறுவனத்திற்கு ‘ஏ’ வகுப்பு: 1 கோடியே 67 இலட்சம் எண்கள். நடுத்தரத்திற்கு ‘பி’ வகுப்பு: சுமார் 65 ஆயிரம். சிறியதற்கு ‘சி’ வகுப்பு: 254. முந்நூறு கணிப்பொறி வைத்திருக்கும் கல்லூரி என்ன செய்யும்? 254 போதாது, ஆகவே 65 ஆயிரம் எண்களை வாங்கி, பெரும்பகுதியைச் சும்மா வைத்திருக்கும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் ஒரு முழு ‘ஏ’ வகுப்பையே தனக்கெனப் பெற்றிருந்தது. முன்னால் வந்தவர்கள் வயலாக வளைத்துக்கொள்ள, பின்னால் வந்தவர்களுக்கு வரப்பு மிஞ்சிய கதைதான். அக்கழகம் தன் பங்கில் ஒரு பகுதியை விற்கப் போவதாக அறிவித்தது 2017இல்.

1990களின் தொடக்கத்தில் ‘பி’ வகுப்பு வேகமாகக் கரைவதைக் கண்டு பொறியாளர்கள் கலங்கினர். நிலையான மருந்து, முகவரியையே நீளமாக்குவது. அதற்கு உலகிலுள்ள எல்லாப் பொறிகளும் மாற வேண்டும், ஆண்டுகள் பிடிக்கும். அதுவரை உயிரைப் பிடித்து வைக்க ஏதாவது வேண்டும். வகுப்புகளை ஒழித்துத் தேவைக்கேற்ற அளவில் எண்களை வெட்டிக் கொடுக்கும் முறை 1993 செப்டம்பரில் வந்தது. நம் கதைக்குரியது மற்றொன்று.

1993 ஜனவரியில் பால் சுச்சியா, டோனி எங் என்ற இருவர் ஓர் ஆய்விதழில் ஒரு யோசனையை எழுதினர். ஒரே முகவரியைப் பல இடங்களில் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால் என்ன என்பதே அது. சுச்சியா பின்னர் பால் பிரான்சிஸ் என்ற பெயரில் அறியப்பட்டவர். அவரும் கெல்ட் ஏகவாங் என்பவரும் சேர்ந்து 1994 மே மாதம் 1631ஆம் எண் விதிக்குறிப்பாக அதை விரித்தெழுதினர். அதற்கு அவர்கள் இட்ட பெயரை ‘முகவரி பெயர்ப்பி’ எனத் தமிழில் சொல்லலாம். அக்குறிப்பின் முடிவுரை படிக்கத்தக்கது. இம்முறையில் பல கேடுகள் உண்டு, நெடுங்காலத்திற்கு இது ஒவ்வாது, குறுகிய காலத்திற்குக்கூட ஒவ்வாமற்போகலாம் என்று ஆசிரியர்களே எழுதி வைத்தார்கள். தம் சரக்கை இவ்வளவு இறக்கிச் சொன்ன கண்டுபிடிப்பாளர்களைக் காண்பது அரிது.

குடித்தனமும் பேரேடும்

முறையைப் புரிந்துகொள்ள நம் ஊர் ஒண்டுக்குடித்தனத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தெருவில் ஒரே கதவிலக்கம். உள்ளே பத்துக் குடும்பம். தபால்காரருக்குத் தெரிந்தது கதவிலக்கம் மட்டுமே. உள்ளே முதல் அறை, மாடி அறை, கிணற்றடி அறை என்று வீட்டார் தமக்குள் வைத்துக்கொண்ட பெயர்கள் தெருவுக்குச் செல்லாதவை. பக்கத்து வீட்டிலும் ஒரு கிணற்றடி அறை இருக்கலாம், குழப்பமில்லை.

இப்படி உள்ளுக்குள் மட்டும் செல்லும் எண்களை முதலில் ஒதுக்கியது 1994 மார்ச்சில் வந்த மற்றொரு விதிக்குறிப்பு. 10 என்று தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரையில் தொடங்குபவை, 192.168 என்று தொடங்குபவை ஆகியவற்றை யாரும் யாரையும் கேட்காமல் தம் கட்டடத்திற்குள் வைத்துக்கொள்ளலாம். பொது வலையில் மட்டும் அவை நடமாடக் கூடாது. உடனே எதிர்ப்பும் எழுந்தது. நான்கே மாதத்தில் எலியட் லியர் முதலிய நால்வர் எதிர்க்குறிப்பு ஒன்றை வெளியிட்டனர். உலகில் ஓர் எண்ணுக்கு ஒரு பொறி என்ற ஒழுங்கே வலையின் அடிப்படை, அதைக் குலைக்கலாமா? நாளை இரண்டு நிறுவனங்கள் ஒன்று சேர்ந்தால் இரண்டிலும் ஒரே எண்கள் மோதுமே? இவை அவர்களுடைய கேள்விகள். நியாயமான கேள்விகள் என்றே சொல்ல வேண்டும். ஆயினும் 1996 பிப்ரவரியில் திருத்தி வெளியிட்ட 1918ஆம் எண் குறிப்பில் எதிர்த்த லியரும் ஓர் ஆசிரியராகக் கையெழுத்திட்டார். உங்கள் வீட்டுக் கணிப்பொறியின் எண் 192.168 என்று தொடங்கினால் அது அந்தக் குறிப்பின்படி வந்தது.

இனி ரூட்டரின் வேலையைப் பார்ப்போம். அண்ணனின் கணிப்பொறி 192.168.1.2, தங்கையின் கணிப்பொறி 192.168.1.3. இருவரும் ஒரே செய்தித்தாளின் தளத்தைத் திறக்கிறார்கள். பொட்டலத்தில் முகவரியோடு துறை எண் என்ற 16 இலக்க இரும எண்ணும் இருக்கும். அதன் மதிப்பு 0 முதல் 65,535 வரை. ஒரே கணிப்பொறியில் நடக்கும் பல உரையாடல்களைப் பிரித்தறிய ஏற்பட்டது அது. தற்செயலாக இருவர் பொறியும் 51000 என்ற துறை எண்ணையே எடுத்துக்கொண்டன என்று வைத்துக்கொள்வோம்.

அண்ணனின் பொட்டலம் ரூட்டருக்கு வருகிறது. அது அனுப்புநர் பகுதியை அழித்துவிட்டு வீட்டின் பொது முகவரியை எழுதுகிறது. 203.0.113.7 என்று கொள்ளலாம்; இது எடுத்துக்காட்டுகளுக்கென்றே ஒதுக்கப்பட்ட வரிசையைச் சேர்ந்தது. துறை எண்ணை 62001 என்று மாற்றுகிறது. பிறகு தன் பேரேட்டில் ‘62001 என்றால் 192.168.1.2, 51000’ என்று ஒரு வரி எழுதிக்கொள்கிறது. தங்கையின் பொட்டலத்திற்கு அதே பொது முகவரி, ஆனால் 62002. செய்தித்தாளின் கணிப்பொறிக்கு ஒரே ஆள் இரண்டு உரையாடல் நடத்துவதாகத் தோன்றும். விடை 62002க்கு வந்ததும் ரூட்டர் பேரேட்டைப் புரட்டி, பெறுநரை மாற்றி எழுதித் தங்கையிடம் சேர்க்கிறது. உரையாடல் சில காலம் ஓய்ந்திருந்தால் அந்த வரி அழிக்கப்படும். ஒவ்வொரு பொட்டலத்திற்கும் இவ்வளவும் நொடியின் மிகச் சிறு பகுதியில் நடந்து முடிகிறது.

தொல்லை இல்லாமல் இல்லை. பொட்டலத்தில் பிழை வந்ததா என்று பார்க்க ஒரு சரிபார்ப்புக் கூட்டுத்தொகை இருக்கும். முகவரி மாறினால் அத்தொகையும் மாறும். அதையும் திருத்த வேண்டும். கோப்புகளை அனுப்பும் பழைய முறை ஒன்றில் முகவரி உறைமேல் மட்டுமின்றிக் கடிதத்தின் உள்ளேயும் எழுதப்பட்டிருந்தது. ஆகவே ரூட்டர் உறையைப் பிரித்துக் கடிதத்தையும் திருத்த வேண்டியதாயிற்று. தபால்காரர் கடிதத்தைப் படிக்கலாகாது என்ற மரபில் வளர்ந்த பொறியாளர்களுக்கு இது பெரும் உறுத்தல்.

நிறுவனத்திலிருந்து வீட்டிற்கு

முதலில் இது வீட்டுக்குரிய பொருளாக இல்லை. ஜான் மேயஸ் தொடங்கிய ஒரு சிறு நிறுவனத்திற்காக 1994இல் பிராண்ட்லி காயில் என்ற பொறியாளர் உருவாக்கிய ‘பிக்ஸ்’ என்ற கருவி பெரிய அலுவலகங்களுக்கானது. அடுத்த ஆண்டே சிஸ்கோ நிறுவனம் அதை விலைக்கு வாங்கியது.

வீடுகளில் அப்போது தொலைபேசி வழியாக எண் சுழற்றி இணையும் காலம். ஒரு வீட்டில் ஒரு கணிப்பொறி இருந்தாலே அதிகம். இரண்டு வைத்திருந்தவர்கள் மென்பொருளால் சமாளித்தனர். லினக்ஸ் பயன்படுத்தியவர்கள் ஒரு பழைய கணிப்பொறியையே முகவரி பெயர்ப்பியாக அமர்த்தினர். 1995இல் நியூசிலாந்திலிருந்து வந்த ‘வின்கேட்’ போன்ற மென்பொருள்கள் ஒரே தொலைபேசி இணைப்பைப் பல கணிப்பொறிகளுக்குப் பகிர்ந்தளித்தன. நம் ஊர் பிரவுசிங் சென்டர்களில் வரிசையாக அமர்ந்து தேர்வு முடிவு பார்த்தவர்கள், அந்தப் பொறிகளுக்கெல்லாம் பின்னால் ஒரே தொலைபேசிக் கம்பி இருந்ததை அறிந்திருக்க மாட்டார்கள். 1999இல் வந்த விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பில் இணைப்பைப் பகிரும் வசதியை மைக்ரோசாஃப்ட் சேர்த்தது. ஆனால் இவை அனைத்திலும் ஒரு குறை: பகிர்ந்தளிக்கும் கணிப்பொறி எப்போதும் விழித்திருக்க வேண்டும். அப்பா தம் கணிப்பொறியை நிறுத்திவிட்டால் மகனின் இணைப்பும் போய்விடும்.

பகிர்வதை மட்டுமே வேலையாகக் கொண்ட மலிவான பெட்டி வேண்டுமென்றால் கம்பியும் மலிவாக இருக்க வேண்டும். அது முன்பே ஆயத்தமாகியிருந்தது. 1973இல் ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் ராபர்ட் மெட்காஃப் வகுத்த ஈதர்நெட் முறை தொடக்கத்தில் தடித்த கம்பியில் ஓடியது. 1990இல் வந்த தரம், தொலைபேசிக் கம்பி போன்ற முறுக்கிய இணைக்கம்பியிலேயே 100 மீட்டர் வரை அதை ஓடவிட்டது. அதே ஆண்டில் கலிபோர்னியாவில் ‘கல்பனா’ என்ற நிறுவனம் முதல் ஈதர்நெட் ஸ்விட்சை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன்பிருந்த பெட்டிகள் ஒரு குழியில் வந்ததை எல்லாக் குழிகளுக்கும் கத்திச் சொல்லும். ஸ்விட்சோ உரிய குழிக்கு மட்டும் அனுப்பும். நிறுவனத்தை நிறுவியவர்களில் ஒருவர் இந்திய வழியினரான வினோத் பரத்வாஜ். கல்பனா என்பது அவர் மனைவியின் பெயர். வீட்டு ரூட்டரின் முதுகிலுள்ள நான்கு குழிகளும் அந்த வகைக் கருவியின் குட்டிகளே.

அமெரிக்காவில் 1990களின் இறுதியில் தொலைக்காட்சிக் கேபிள் வழியாக எப்போதும் அறுபடாத இணைப்பு வந்தது. தைவானிலிருந்து குடியேறிய விக்டர் சாவோ, ஜானி சாவோ என்ற தம்பதியர் 1988இல் கலிபோர்னியாவில் தங்கள் வீட்டு வண்டிக் கொட்டகையில் தொடங்கிய லிங்க்சிஸ் நிறுவனம் இந்த வாய்ப்பைப் பற்றிக்கொண்டது. முகவரி பெயர்ப்பி, நான்கு குழி ஸ்விட்ச், புதிதாகச் செருகப்படும் பொறிக்குத் தானாகவே எண் வழங்கும் நிரல் ஆகிய மூன்றையும் ஒரே பெட்டியில் அடைத்து, கடையில் வாங்கி வீட்டிலேயே பொருத்திக்கொள்ளும் பொருளாக அது விற்றது. 2003இல் சிஸ்கோ அந்நிறுவனத்தைச் சுமார் 50 கோடி டாலர் மதிப்பிற்கு வாங்கியது.

பகிர்வதா, திருடுவதா?

இணைப்புத் தரும் நிறுவனங்களுக்கு இது பிடிக்கவில்லை. கூடுதல் கணிப்பொறிக்குக் கூடுதல் முகவரி, அதற்குக் கூடுதல் மாதக் கட்டணம் என்பது அமெரிக்கக் கேபிள் நிறுவனங்கள் பலவற்றின் கணக்கு. ஒரே கட்டணத்தில் நான்கு கணிப்பொறிகள் ஓடினால் கணக்கு தப்புமல்லவா? சில நிறுவனங்கள் வாடிக்கையாளரின் கணிப்பொறியில் உள்ள ஈதர்நெட் அட்டையின் 48 இலக்க இரும அடையாள எண்ணைக் குறித்துக்கொண்டு, வேறு எண்ணிலிருந்து வரும் பொட்டலத்தை மறுத்தன. ரூட்டர் செய்வோர் சளைத்தவர்கள் அல்லர். அந்தக் கணிப்பொறியின் அடையாள எண்ணையே தன் எண்ணாகக் காட்டும் வசதியை ரூட்டரில் வைத்துவிட்டார்கள்.

மறைந்திருக்கும் கணிப்பொறிகளை எண்ண முடியுமா? முடியும் என்று 2002இல் காட்டினார் ஏ.டி. அண்டு டி. ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஸ்டீவன் பெல்லோவின். ஒவ்வொரு பொட்டலத்திலும் ஓர் அடையாள வரிசை எண் உண்டு. அன்றைய கணிப்பொறிகள் பல அதை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போகும். ரூட்டர் பெரும்பாலும் அதைத் தொடுவதில்லை. பேருந்து நிலையத்தில் கிழித்தெறிந்த பயணச்சீட்டுகளைப் பொறுக்கி எண் வரிசையில் அடுக்கினால், எத்தனை சீட்டுக் கட்டுகளிலிருந்து அவை கிழிக்கப்பட்டன என்று சொல்லிவிடலாம் அல்லவா? அதே உத்திதான்.

2003இல் மிச்சிகன் மாநிலத்தில் நடைமுறைக்கு வந்த ஒரு சட்டம், தொலைத்தொடர்பின் புறப்பாட்டிடத்தையோ சேருமிடத்தையோ நிறுவனத்திடமிருந்து மறைக்கும் கருவிகளைக் குற்றமாக்கியது. சொல்லுக்குச் சொல் பொருள் கொண்டால் வீட்டு ரூட்டரே குற்றப்பொருள் ஆகிவிடும் என்று பிரின்ஸ்டன் பேராசிரியர் எட்வர்ட் ஃபெல்டன் போன்றோர் சுட்டிக்காட்டினர். வாடகைக்குக் குடியிருப்பவன் தன் குழாய்த் தண்ணீரை எத்தனை குடத்தில் பிடிக்கிறான் என்று எண்ணப் புகுந்த கதையாக இருந்தது இது. வீடுகளில் ரூட்டர் பெருகிக்கொண்டே போனது. நாளடைவில் நிறுவனங்களே இணைப்போடு ரூட்டரைக் கொடுத்து அதற்கும் வாடகை வாங்கக் கற்றுக்கொண்டன.

வெளியே போகலாம், உள்ளே வரமுடியாது

கேடுகள் உண்டு என்று 1994இல் எழுதினார்களே, அவற்றுள் பெரியது எது? உள்ளிருந்து ஒருவர் முதலில் பேசினால்தான் பேரேட்டில் வரி எழுதப்படும். வெளியிலிருந்து ஒரு பொட்டலம் தானாக வந்தால் யாருக்கென்று ரூட்டருக்குத் தெரியாது; எறிந்துவிடும். ஆக, வீட்டுக் கணிப்பொறி பிறரை அழைக்கலாம். பிறர் அதை அழைக்க முடியாது. வலையிலுள்ள எந்தப் பொறியும் எந்தப் பொறியோடும் சமமாகப் பேசலாம் என்ற பழைய ஏற்பாடு வீட்டு வாசலில் முடிந்துவிட்டது. சொந்தமாகத் தளம் நடத்த விரும்பியவர் பிறருடைய பெருங்கணிப்பொறியில் இடம் வாடகைக்கு எடுப்பதே வழக்கமாயிற்று. ரூட்டருக்குப் பின்னால் இருக்கும் இருவர் நேரடியாகப் பேச வேண்டுமானால், வெளியே உள்ள மூன்றாவது பொறி ஒன்று இருவருக்கும் மற்றவரின் வெளி எண்ணைச் சொல்லித்தர வேண்டும். பிறகு இருவரும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் வெளியே பொட்டலம் அனுப்பித் தத்தம் பேரேட்டில் வரி எழுதச் செய்ய வேண்டும். 2003இல் வெளிவந்த ஸ்கைப் இப்படிப்பட்ட உத்திகளால்தான் வீடுதோறும் பேச்சைக் கொண்டுசென்றது.

எனினும் அந்த அடைத்த கதவு ஒரு முறை நன்றாகவே உதவியது. 2003 ஆகஸ்டில் ‘பிளாஸ்டர்’ என்ற நச்சுநிரல் பரவியது. கணிப்பொறியின் முன் யாரும் இல்லாவிட்டாலும், அது வலையில் இணைந்திருந்தாலே போதும், உள்ளே நுழைந்துவிடும். நேரே இணைப்பில் செருகப்பட்ட விண்டோஸ் எக்ஸ்பி கணிப்பொறிகள் மளமளவென்று வீழ்ந்தன. ரூட்டருக்குப் பின்னால் இருந்தவற்றை வெளியிலிருந்து அது எட்ட முடியவில்லை. பாதுகாப்புக்கென்று செய்யாத கதவு பாதுகாப்பாக அமைந்தது. அதனாலேயே பலர் முகவரி பெயர்ப்பியைப் பூட்டு என்று தவறாக நம்பவும் தொடங்கினர். உள்ளிருப்பவர் தாமே நச்சு மின்னஞ்சலைத் திறந்தால் இந்தக் கதவு எதையும் தடுக்காது.

2011 பிப்ரவரி 3ஆம் நாள் உலக இருப்பிலிருந்த கடைசி முகவரித் தொகுதிகள் ஐந்தும் வட்டார அமைப்புகளுக்குக் கொடுக்கப்பட்டன. ஆசிய-பசிபிக் வட்டாரம் அதே ஏப்ரலில் பங்கீட்டு முறைக்கு வந்தது. தாமதமாக இணையத்திற்கு வந்த நாடுகளில் வீட்டிற்கு ஒரு முகவரி என்பதே கட்டுப்படியாகாமல் போயிற்று. எனவே நிறுவனங்கள் தங்கள் கட்டடத்திலேயே ஒரு பெரும் பெயர்ப்பியை வைத்துப் பல வீடுகளை ஒரே முகவரியின் பின் நிறுத்தத் தொடங்கின. அதற்கெனவே 100.64 முதல் 100.127 வரையில் தொடங்கும் எண்களை 2012 ஏப்ரலில் ஒதுக்கினார்கள். வீட்டுக்குள் ஒண்டுக்குடித்தனம் இருந்தது போய், தெருவே ஒண்டுக்குடித்தனம் ஆயிற்று. ஒரு முகவரியைக் கொண்டு குற்றவாளியைத் தேடும் காவல்துறைக்கு இது பெரிய இடர். ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோல் 2017இல் இதைப் பற்றி வெளிப்படையாகவே முறையிட்டது. துறை எண்ணும் துல்லியமான நேரமும் சேர்ந்தால்தான் உரிய வீட்டைக் கண்டறிய முடியும். இல்லாவிட்டால் ஒரே முகவரியின் பின்னிருக்கும் அத்தனை பேரும் ஐயத்திற்கு உரியவர்களே.

நீள முகவரி என்ற அந்தப் பழைய நிலையான மருந்து 1995 டிசம்பரிலேயே விதிக்குறிப்பாக வந்துவிட்டது: 128 இரும இலக்கங்கள். அது பரவத்தான் காலமாயிற்று. இந்தியாவில் 2016இல் தொடங்கிய ஜியோ கைபேசி வலை அதைப் பெரிய அளவில் கையாண்டது. இன்று இம்முறையைப் பயன்படுத்துவதில் இந்தியா உலகின் முன்வரிசையில் உள்ளது. இம்முறையில் வீட்டிலுள்ள ஒவ்வொரு பொறிக்கும் உலகம் முழுதும் செல்லுபடியாகும் தனி எண் கிடைக்கும். முகவரியை அழித்தெழுத வேண்டியதில்லை. ஆனால் பிளாஸ்டர் போன்றவற்றின் நினைவு இருக்கிறதே! அழைக்காமல் வரும் பொட்டலங்களை வீட்டு ரூட்டர் எவ்வாறு மறுக்கலாம் என்பதற்கு 2011 ஜனவரியில் ஒரு பரிந்துரையை வெளியிட்டார்கள். அதைப் பின்பற்றும் ரூட்டர், முகவரியை மாற்றாவிட்டாலும், யார் முதலில் பேசினார்கள் என்று குறித்து வைக்கும் பேரேட்டை மட்டும் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறது.